பச்சைத் தண்ணிகூட வேண்டாம்

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் வேலை பார்த்த அந்த டீச்சரைப் பற்றிப் பேச வேண்டுமானால் தேநீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். காலையில் மணி அடிப்பதற்கு முன் ஒரு கோப்பை, பசியாறும் நேரத்தில் ஒன்று, பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் ஒன்று. கோப்பை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது ஒரு பெரிய கண்ணாடிக் குவளை. டின் பாலைத் தாராளமாக ஊற்றி, நுரை எழும்ப ஆற்றி, ஆவி அடங்குவதற்குள் குடித்து முடித்துவிடுவார். குடிக்கும்போது பேசமாட்டார். அவர் பேசாமல் இருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்பதால் நான் அதில் குறுக்கிட்டதே இல்லை.

நான் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சடக்கில், ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த தோட்டம். பலகைச் சுவர், தகரக் கூரை, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்கள். எனக்குச் சுற்றறிக்கை என்றால் வேதவாக்கு. வந்ததும் படித்து, கையெழுத்துப் போட்டு, கோப்பில் வைத்தால்தான் அன்று தூக்கம் வரும். டீச்சரும் அதைப் படிப்பார். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "சரி சார், இப்ப நாம என்ன செய்யறது?" என்று கேட்பார். என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் அந்தத் தாளில் எழுதியிருக்கிறார்களே என்று நான் சொன்னால், என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிப்பார்.

தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. யார் வீட்டில் இஞ்சி தட்டிப் போடுவார்கள், யார் வீட்டில் பாலுக்குக் கை சுருங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. சாயங்காலம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் லயத்துக்குள் நுழைந்தால், முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை குரல் ஓடும். "டீச்சர் வர்றாங்க லா, தண்ணி கொதிக்க வை."

வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா வரமாட்டார். "என்னடி இது, தேத்தண்ணியா? கெளுத்தி மீன் விட்டா நீந்தும் போல இருக்கு" என்பார். வீட்டுக்காரிக்குக் கோபம் வராது. அடுத்த நாள் சாயம் இறங்க இறங்கக் கலக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவர் குடித்துவிட்டுத் தலையாட்டினால், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அதை ஒரு வாரம் பேசிக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு வருஷம் லயத்துக்குப் போய், குடிக்க மாட்டேன் என்றார்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு தோட்டத்தில் வாந்திபேதி கண்டது. கிணற்றுத் தண்ணீரில்தான் கோளாறு என்று சுகாதார இலாகாவினர் வந்து கிணறுகளை மூடினார்கள். பள்ளிக்கும் பூட்டுப் போட்டார்கள். குழாய்த் தண்ணீர் வந்த பிறகுதான் திறக்கலாம் என்று உத்தரவு. நல்லவேளை, பிள்ளைகளில் யாரையும் நாங்கள் இழக்கவில்லை. ஆனால் குழாய் வந்து சேர மாதக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் ஒப்பந்தத்தில் வேலை செய்த குடும்பங்கள் சட்டி பானைகளோடு கிளம்பிவிட்டன. சிலர் பத்தாங் காலியில் சொந்தக்காரர் வீட்டுக்கு, சிலர் சபாக் பக்கம் செம்பனைக் குலை வெட்ட, சிலர் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. போகாமல் இருந்தவர்களின் பிள்ளைகளும் காட்டுக்குப் பழகிவிட்டார்கள். செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கினால் கையில் காசு கிடைத்தது.

பள்ளியைத் திறந்த அன்று வகுப்புகளில் பாதி பெஞ்சு காலி. நான் கைபிசைந்துகொண்டு நின்றேன். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். அடுத்த விடுமுறைக்குள் பிள்ளைகள் திரும்பாவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு எங்களைச் சேர்த்துவிடுவோம் என்று மலாயில் மிகவும் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பள்ளிக்கு எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. முதல் வகுப்புப் பிள்ளை நடந்து போய்வர முடியாது. சேர்ப்பது என்றால் எங்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பு முடிந்தது என்று பொருள்.

டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் வகுப்பில் ஒரு பெஞ்சின் இடதுகை ஓரம் காலியாக இருந்தது. அது தேவகி என்ற பெண்ணின் இடம். இடதுகையால் எழுதுபவள். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவளின் முழங்கையோடு இடித்து, எழுத்து கோணும். டீச்சர்தான் ஓரத்தைப் பார்த்து உட்கார வைத்திருந்தார். இப்போது வேறொரு பெண் அங்கே நகர்ந்து உட்காரப் போனாள். "அங்க ஆள் வருது, நீ உன் இடத்துல இரு" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம் சார்" என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் சொன்னால் என் பொழுது போயிற்று என்று அர்த்தம். பள்ளியில் கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் லயத்தில் பேசுவார்கள் என்று அவர் எப்போதும் பின்சீட்டில்தான் ஏறுவார். குடையைக் குறுக்கே வைத்துக்கொண்டு அங்கிருந்து வழி சொல்வார். பார்ப்பவர்களுக்குப் பெரிய துரைசாணி ஒரு டிரைவரோடு போவது போல இருந்திருக்கும்.

முதலில் போனது பக்கத்து லயத்தில் ஒரு வீடு. பையன் பழம் பொறுக்கப் போயிருந்தான். அவன் அம்மா அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தாள்.

"அடுப்ப அணைச்சிடு தங்கச்சி. எனக்கு வேணாம்."

"என்னா டீச்சர், ஒரு வாய் தேத்தண்ணி."

"பச்சத் தண்ணிகூட வேணாம்."

அந்த அம்மாளின் முகம் சுண்டிவிட்டது. அடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "நாங்க சீக்குக்காரங்கனு நெனைக்கிறீங்களா? குழாய்த் தண்ணிதான் டீச்சர். நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம்" என்றாள்.

எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. வாந்திபேதி வந்து போன ஊரில் ஒரு வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்பதைவிட அவமானம் வேறு இல்லை. அது டீச்சருக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் எழுந்துபோய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடி அசடே, சீக்குக்குப் பயந்தா உன் வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருப்பேனா? எனக்குத் தாகந்தான். தலைகூட வலிக்குது. ஆனா உன் மகன் பள்ளிக்கூடத்துல வந்து உக்காந்த அன்னைக்குத்தான் இந்த வீட்டுல நான் வாய் நனைப்பேன். அன்னைக்கு இஞ்சி தட்டிப் போடு."

மறுநாள் காலை அந்தப் பையன் தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வகுப்பில் இருந்தான். அம்மாவும் வந்திருந்தாள். "எத்தன மணிக்கு வர்றீங்க டீச்சர்?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

அப்படியொரு ஆயுதம் தன்னிடம் இருப்பது டீச்சருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு வீடு வீடாக அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார். போவார், உட்கார்வார், குசலம் விசாரிப்பார், தண்ணீர் வந்தால் வேண்டாம் என்பார். திட்ட மாட்டார், புத்திமதி சொல்ல மாட்டார். எங்கள் சனம் எதை வேண்டுமானாலும் தாங்கும், வீட்டுக்கு வந்தவர் வாய் நனைக்காமல் எழுந்து போவதை மட்டும் தாங்காது. டீச்சர் குடிக்காமல் போன வீடு எது என்று மறுநாள் மரப்பால் நிறுக்கும் இடத்தில் பேச்சாகிவிடும். கணவனை மனைவி கடிந்துகொள்வாள், மனைவியை மாமியார் கடிந்துகொள்வாள். அடுத்த வாரம் பிள்ளை வகுப்பில் இருக்கும்.

அவரை ஒரு தவசி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லயத்தைத் தாண்டிக் கார் பெரிய சடக்கில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து, "சார், அந்தச் சீனர் கடைகிட்ட நிறுத்துங்க" என்று குரல் வரும். இரண்டு குவளை அடுத்தடுத்துக் குடிப்பார். ஒருநாள், இதென்ன விரதம் டீச்சர் என்று கேட்டேன். "விரதம் அந்த வீட்டுக்கு மட்டும் சார். தலைவலிக்கு இல்ல" என்றார்.

தோட்டத்தைவிட்டே போனவர்களை எங்கே தேடுவது என்று நான் கவலைப்பட்டபோது, "தேடுவானேன், அவங்களே வருவாங்க" என்றார். சீக்கால் தள்ளிப்போயிருந்த மாரியம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பிறந்த தோட்டத்து அம்மனுக்குத் தேங்காய் உடைக்க வராத குடும்பம் எங்கள் பக்கம் கிடையாது. அதுவும் சீக்கு வந்த வருஷம், எல்லார் வீட்டிலும் வேண்டுதல் பாக்கி இருந்தது. டீச்சர் மோர்ப் பந்தலில் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கோயிலுக்கு வந்த அத்தனை பேரும் அவர் கையால் மோர் வாங்கித்தானே ஆக வேண்டும்?

"எங்க இருக்கீங்க இப்ப? பிள்ள படிக்குதா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஊற்றினார். படிக்கிறது என்றால் முழுக் குவளை. இழுத்துப் பேசினால் அகப்பை அந்தரத்தில் நிற்கும். பின்னால் வரிசை நீளும். வெயிலில் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். "ஆபீஸ் பெரிய கிராணி கேட்டாக்கூட பதில் சொல்லாம போயிரலாம்லா, இவங்ககிட்ட முடியாது" என்று ஒரு மனிதர் முனகியது என் காதில் விழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் யார் வீட்டுப் பிள்ளை எந்தச் சித்தி வீட்டில் தங்கி நம் பள்ளிக்கு வரும், யார் தாங்கள் போன இடத்துப் பள்ளியில் சேர்ப்பார்கள் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார். அவர் மட்டும் ஒரு சொட்டு மோர் குடிக்கவில்லை. எனக்கும் தரவில்லை.

அதிகாரி கேட்ட அளவுக்குப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். இடதுகை ஓரம் மட்டும் இன்னும் காலி. தேவகியின் குடும்பம் திருவிழாவுக்கு வரவில்லை. செகிஞ்சான் தாண்டி ஒரு சின்னச் செம்பனைத் தோட்டத்தில் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஒரு பிள்ளைதானே டீச்சர். பள்ளிக்கூடம் தப்பிச்சிடுச்சு. விட்டுடலாம்" என்றேன்.

"பள்ளிக்கூடத்துக்காகவா சார் இவ்ளோ நாள் அலைஞ்சோம்?" என்றார். "ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்."

வயல்களைத் தாண்டி, கால்வாய் ஓரமாகப் போய், கார் போகாத இடத்தில் இறங்கி நடந்தோம். தகரம் அடித்த ஒற்றை வரிசை வீடுகள். பக்கத்தில் பள்ளி எதுவும் கிடையாது. கடைசி வீட்டு வாசலில் தேவகி இடுப்பில் தம்பியோடு நின்றாள். டீச்சரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, உடனே அப்பா இருக்கும் பக்கம் திரும்பி அடங்கியது.

அவள் அப்பா குலை ஏற்றும் லோரியில் வேலை செய்பவர். திடகாத்திரமான மனிதர், யாருக்கும் வணங்காதவர். ஆனால் வாசலுக்கு வந்தவர்களை வரவேற்பதில் குறை வைக்கவில்லை. துண்டால் பலகையைத் தட்டி எங்களை உட்கார வைத்தார். "டீச்சருக்குத் தண்ணி கொண்டா" என்றார். தேவகி செம்பை நீட்டினாள். "சோத்துக் கையால குடு" என்று அதட்டினார். அவள் தம்பியை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வலதுகையால் நீட்டினாள்.

டீச்சர் அந்தச் செம்பைப் பார்த்தார். அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்திருந்தோம். அவர் உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"வேணாம்டா கண்ணு. நீ பள்ளிக்கூடம் வந்த அன்னைக்குக் குடிக்கிறேன்."

தேவகியின் கை இறங்கவில்லை. செம்பை நீட்டியபடியே நின்றாள், அவள் கண் கலங்கிவிட்டது. பெரியவர்களிடம் சொல்ல முடிந்ததைப் பிள்ளையிடம் சொல்வது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஓகோ, அதுக்கா வந்தீங்க? உங்க பள்ளிக்கூடத்தை மூடாம இருக்கத் தலை எண்ணிக் காட்டணும். அதான?"

"தலையெல்லாம் சேர்ந்தாச்சு தம்பி. வேணும்னா சாரைக் கேளுங்க. உங்க மக வராட்டியும் பள்ளிக்கூடம் நடக்கும்."

கையில் இருந்த ஒரே பிடியையும் இப்படி விட்டுவிட்டாரே என்று நான் தலையில் கை வைத்துக்கொள்ளாத குறை.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"அவ இடம் காலியா கெடக்கு. காலையில உள்ள நுழைஞ்சா அதுதான் கண்ணுல படுது. எனக்கு ஒரு வேலையும் ஓடல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு காரணங்களைச் சொன்னார். மனைவி புல் வெட்டப் போகிறாள், கைக்குழந்தையை யார் பார்ப்பது? மகளைப் பிறத்தியார் வீட்டில் சோற்றுக்கு நிறுத்த மாட்டார். எழுதப் படிக்கத் தெரியும், பொம்பளைப் பிள்ளைக்குப் போதும். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க லோரி தினம் எங்க தோட்டத்துப் பக்கத்து மில்லுக்குத்தான குலை கொண்டாருது?" என்றார்.

"ஆமா."

"பள்ளிக்கூடத்து வாசல் வழியாத்தான போகுது?"

"போகும்."

"அப்ப பிள்ளையும் அதுலயே வரட்டும். சின்னவனையும் தூக்கிட்டு வரட்டும். சார் ரூம்ல ஏணை கட்டிக்கலாம்."

என்னைக் கேட்காமலேயே என் அறையைக் கொடுத்துவிட்டார். எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்கு இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காரின் கண்ணாடியில் பின்சீட்டிலிருந்து தெரியும் அதே பார்வையை என் பக்கம் திருப்பினார். வாயை மூடிக்கொண்டேன்.

"நான் யோசிக்கணும்" என்றார் அவள் அப்பா. "நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க டீச்சர். என் வீட்டு வாசல்ல இருந்து யாரும் இப்படிப் போனதில்ல."

"நல்லா யோசிங்க. நான் போயிட்டு வர்றேன்."

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் செம்போடு வந்தார்கள். அவர் எதையும் வாங்கவில்லை. கால்வாய் ஓரத்தில் குடையை ஊன்றி ஊன்றி நடந்தார். கார் செகிஞ்சான் கடைத்தெருவுக்கு வந்ததும் வழக்கம்போல நான் வேகத்தைக் குறைத்தேன். பின்சீட்டிலிருந்து, "நிறுத்தாதீங்க சார்" என்றார். அந்த நாள் மட்டும் அவர் கடையிலும் குடிக்கவில்லை.

அதன் பிறகு பல நாள் லோரிகள் வாசலைத் தாண்டி மில்லுக்குப் போயின. ஒவ்வொரு லோரிச் சத்தத்துக்கும் டீச்சர் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். எதுவும் நிற்காது. மறுபடி எழுதத் தொடங்குவார்.

அதிகாரி மீண்டும் வருவதாகச் சொன்ன நாள் வந்தது. நான் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, அறையில் அவருக்கு நாற்காலி போட்டு, என்ன சொல்லப்போகிறேன் என்பதை மலாயில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவரும் வந்தார், வகுப்புகளைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்ன சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. டீச்சரின் வகுப்பில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது வாசலில் ஒரு லோரி உறுமி நின்றது. வண்டி நிறையச் செம்பனைக் குலை.

முன்பக்கத்திலிருந்து தேவகியின் அப்பா இறங்கினார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் குழந்தை. பின்னால் தேவகி, சீருடையில், வலதுகையில் மூடிபோட்ட தூக்குவாளியோடு. அவர் நேராக வகுப்பு வாசலுக்கு வந்தார். அதிகாரியைக் கண்டுகொள்ளவே இல்லை. முதலில் எதிர்ப்பட்டவன் நான்தான், அதனால் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டார். அது என் கழுத்துப்பட்டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"இவனும் மாணவனா?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"இப்போதைக்கு இல்லை துவான், பிற்பாடு சேருவான்" என்றார் டீச்சர். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னிடம், இந்தப் பள்ளியை யாரோடும் சேர்க்க வேண்டிய தேவை தனக்குத் தெரியவில்லை என்றார். நான் ஒத்திகை பார்த்து வைத்த எதையும் சொல்ல வேண்டி வரவில்லை.

தேவகியின் அப்பா, "தேத்தண்ணி, டீச்சர். வீட்டுல கலக்கினது. குடிங்க" என்றார்.

"பிள்ள முதல்ல உக்காரட்டும்."

தேவகி தூக்குவாளியை மேசைமேல் வைத்துவிட்டு, பெஞ்சின் இடதுகை ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் தானாகவே முழங்கையை ஒடுக்கிக்கொண்டாள். டீச்சர் அதை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு, "இப்ப வந்து ஊத்துடா" என்றார்.

அவள் வந்து வலதுகையால் வாளியைச் சாய்த்து மூடியில் தேநீரை ஊற்றி, இடதுகையால் எடுத்து நீட்டினாள். அவள் அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் அதற்குள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. வழியெல்லாம் குலுங்கி வந்ததில் அது ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வாயிலிருந்து எடுக்காமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எனக்கும் வழிந்தது, நல்லவேளையாக அதை மறைக்க என் கையில் ஒரு குழந்தை இருந்தது.

அவர் மூடியைக் கீழே வைத்தார்.

"சீனி பத்தல தம்பி" என்றார். "அடுத்த தடவ கூடப் போட்டுக் கொண்டாங்க."

"அடுத்த தடவயா? எப்ப டீச்சர்?"

"நாளைக்குத்தான். பிள்ளைக்கு நாளைக்கும் பள்ளிக்கூடம் இருக்குல்ல?"